வால்விலா, வயிற்றிலா

இருபத்தாறு வயதில் நான் பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொண்டேன். மேல்வரிசையில் இரண்டு பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. வேலைக்குப் போனதும் முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. பென்னலூரில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், "மாப்ள பாக்குற நேரத்துல வாயில கம்பி கட்டிக்கினு நிக்குது பாருங்க" என்று புலம்புவாள்.

அப்போது வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். கார் பிரேக்குக்கான சின்ன வால்வுகள் அங்கே தயாராகின. ஒவ்வொரு வால்வுக்குள்ளும் ஒரு ஸ்பிரிங்கையும் ரப்பர் வளையத்தையும் பொருத்தி அடுத்தவளிடம் தள்ளுவது என் வேலை. அவள் தூத்துக்குடிக்காரி. நான் தள்ளுவதை வாங்கி மூடி போடுவாள்.

அன்று காலை ஷிப்ட். டீ நேரத்தில் அவள் ஊரிலிருந்து வந்த தட்டையை உடைத்துக் கொடுத்தாள். கெட்டியாக எதையும் கடிக்காதீர்கள் என்று பல் டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். சின்னத் துண்டுதானே என்று வாயில் போட்டுக்கொண்டேன்.

லைனுக்குத் திரும்பிக் கொஞ்ச நேரத்தில் இடது கன்னத்துக்குள் ஏதோ குத்தியது. நாக்கால் துழாவினேன். கடைசிப் பல் வழவழவென்று இருந்தது. கம்பியின் நுனியைப் பிடித்து வைத்திருக்க அந்தப் பல்லில் ஒரு குட்டிக் குழாயை ஒட்டியிருந்தார்கள். உலோகம், உளுந்து அளவுதான் இருக்கும். அதைக் காணோம். பிடி விட்டுப்போன கம்பிதான் கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருந்தது.

விழுங்கிவிட்டேனா? எப்போது? கைகள் பாட்டுக்கு ஸ்பிரிங்கை எடுத்தன, வைத்தன, தள்ளின. டீ குடித்துவிட்டு வந்ததும் வால்வுகள் இருந்த ட்ரேயின் மேல் குனிந்து இருமியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தத் துண்டு ஏதாவது ஒரு வால்வுக்குள் கிடந்தால்? அந்த வால்வு ஒரு காருக்குள் போனால்? நாக்கு மறுபடி மறுபடி அந்த வெற்றுப் பல்லுக்கே போனது. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். லைன் நின்றது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "இன்னாம்மா, எதுக்கு நிறுத்துன?"

"சார், கிளிப்புல ஒரு பீஸ் கழண்டுபோச்சு. எங்க போச்சுன்னு தெர்ல. வால்வுக்குள்ள வுழுந்திருந்தாலும் வுழுந்திருக்கும்."

அவர் என் வாயைப் பார்த்தார், பிறகு அடுக்கி வைத்திருந்த பெட்டிகளைப் பார்த்தார். "டீக்கு அப்பறம் போன எல்லாத்தையும் தொறக்கணுமா?"

தூத்துக்குடிக்காரி என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "ஏட்டி, வாயில ரத்தம் வருது. மொதல்ல அதக் கவனி."

நானும் உட்கார்ந்து தேடுகிறேன் என்றேன். சூப்பர்வைசர் கேட்கவில்லை. "நீ போ, நாங்க பாத்துக்குறோம்" என்று முதலுதவி அறைக்கு அனுப்பினார். கதவருகே திரும்பிப் பார்த்தேன். அத்தனை பேரும் மூடிகளைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள்.

நர்ஸ் அக்கா வாய் கொப்பளிக்க உப்புத் தண்ணீர் கொடுத்துவிட்டு, வாலாஜாபாத்தில் இருந்த என் பல் டாக்டருக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"மூச்சு வாங்குதா? இருமல் விடாம வருதா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல மேடம்."

"அப்ப பயப்படாதீங்க. பென்சில் பின்னாடி இருக்கிற ரப்பரால கம்பியப் பல்லோட சேத்து மெதுவா அழுத்துங்க. மேல மெழுகு வைங்க. நீங்களா வெட்டாதீங்க, வெட்டின துண்டும் உள்ள போயிடும். உடனே கிளம்பி வாங்க."

கம்பி குத்தாமல் இருக்க டாக்டர் கொடுத்திருந்த மெழுகு வீட்டில் இருந்தது. நர்ஸ் அக்கா ரப்பரால் அழுத்திவிட்டு, கம்பிக்கும் கன்னத்துக்கும் நடுவில் துணியை மடித்து வைத்தார்.

கம்பெனி வண்டியில் அனுப்பினார்கள். ஒரகடம் கூட்ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. டிரைவர் ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் அந்த வால்வுகள்தான் கண்முன் வந்தன. போனைக் கையில் எடுப்பேன், வைப்பேன். தேடிக்கொண்டிருப்பவர்களிடம் என்ன கேட்பது?

டாக்டர் நீட்டிக்கொண்டிருந்த கம்பியை நறுக்கி எடுத்தார். எதற்கும் பார்த்துவிடலாம் என்று பக்கத்துத் தெருவில் எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு வெள்ளைப் பொட்டைக் காட்டினார். "நுரையீரல்ல இல்ல. வயித்துலதான் கிடக்கு. தானா வெளிய போயிடும்."

நான் சிரித்துவிட்டேன். வயிற்றில் உலோகம் இருக்கிறது என்றால் யாராவது இப்படிச் சந்தோஷப்படுவார்களா என்பதுபோல் அவர் பார்த்தார். வெளியே ஓடி வந்து சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன்.

"வயித்துலயா? நல்லாப் பாத்தாங்களா?"

"எக்ஸ்ரேல தெளிவாத் தெரியுது சார்."

"அப்பாடா!" என்றவர், "எல்லாத்தையும் மூடுங்கம்மா!" என்று யாரிடமோ கத்திக்கொண்டே போனை வைத்துவிட்டார். கிளினிக் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்சம் கழித்து அவரே திரும்ப அழைத்தார். "ஏம்மா, கேக்க மறந்தே பூட்டேன். உனக்கு எப்பிடிக் கீது? ரொம்ப வலிக்குதா?" அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

வீட்டில் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அந்தச் சனியனக் கழட்டிப் போட்டுட்டு வாடி." பிறகு மூன்று வேளையும் வாழைப்பழத்தை உரித்து நீட்டினாள். "போச்சா? போச்சா?" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்பாள். போய்விட்டது என்று நான் சொன்ன பிறகும் அவள் நம்பவில்லை. இன்னொரு எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் அடங்கினாள்.

டாக்டர் புதுக் குழாய் ஒட்டி, கம்பியை மாட்டிவிட்டார். அதன் மறுநாள்தான் லீவு முடிந்து வேலைக்குப் போனேன். யாரும் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. எனக்குத்தான் நிலைகொள்ளவில்லை. ஒவ்வொரு வால்வையும் விளக்குப் பக்கம் சாய்த்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தள்ளினேன். தூத்துக்குடிக்காரியின் கை மூடியோடு காத்துக்கொண்டிருந்தது.

"ஏட்டி, ஒண்ணுங்கெடையாது, தள்ளு."

தள்ளினேன். அடுத்ததையும் எட்டிப் பார்த்தேன்.