சத்தத்தைக் காணோம்

பெற்ற பிள்ளையைக் கூட்டிவரப் போன என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஜெர்மனிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கிண்டர்கார்டன் ஆசிரியை உதட்டில் விரலை வைத்து, பத்து நிமிடம் பொறுக்கச் சொன்னார். உள்ளே எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால் என் மகள் நஸ்ரின் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். பிள்ளை விளையாட்டில் இருக்கிறதாம், கலைக்கக் கூடாதாம். அதற்காகத் தாய் குளிரில் நிற்க வேண்டுமாம். நல்ல நியாயம்தான்.

எங்கள் ஊர் கம்பத்தில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். அங்கே பிள்ளை அழுதால் மெதுவாகத்தான் எழுந்திருப்போம். சத்தமில்லாமல் இருந்தால் பதறி ஓடுவோம். நஸ்ரினுக்கு மூன்று வயதிருக்கும்போது ஒருநாள் பந்தலுக்கு அடியில் அரை மணி நேரமாகச் சத்தத்தைக் காணோம். போய்ப் பார்த்தால், பூச்சிமருந்து டப்பாவின் மூடியில் மண்ணைக் குழைத்து இட்லி ஊற்றிக்கொண்டிருக்கிறாள். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். மூடியைத் தட்டிவிட்ட வேகத்தில் அவள் கையிலும் ஓர் அடி விழுந்தது. விரலை வாயில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! அன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கொரு தடவை கூப்பிடுவேன்.

“ஏத்தா நஸ்ரினு, அங்கன என்ன பண்ற?”

“ஒண்ணும் பண்ணலம்மா, சும்மாதான் இருக்கேன்.”

இந்தப் பதில் வந்தால்தான் எனக்கு அடுப்படியில் கை ஓடும். அவள் தம்பி கல்லுளிமங்கன். நூறு தடவை கூப்பிட்டாலும் கார் பொம்மையை விட்டுத் திரும்ப மாட்டான். இவளோ நான் கூப்பிடும் முன்பே கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவாள்.

பத்து நிமிடம் கழித்துக் கதவைத் திறந்த ஆசிரியை கேட்டார்: “விளையாடும்போது அடிக்கடி கதவைப் பார்க்கிறாள். யாரை எதிர்பார்க்கிறாள்?” நேரம் கழித்து வருகிறேன் என்று குத்திக்காட்டுகிறார் போலும் என நினைத்து, “சரியாக நாலு மணிக்கு வந்துவிடுகிறேனே” என்று அரைகுறை ஜெர்மனில் வெடுக்கென்று சொன்னேன். அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். வேவு பார்க்கிறார்கள் என்று வீட்டில் என் கணவரிடம் பொரிந்து தள்ளினேன்.

“அந்தம்மா கேட்டதுக்குப் பதில் ஒனக்குத் தெரியாதாக்கும்?” என்றார் அவர்.

சுருக்கென்றது. நான் எப்போது வந்து தட்டிவிடுவேனோ என்றுதான் பிள்ளை கதவைப் பார்க்கிறது. இனிமேல் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலிங் கார்டு போட்டுக் கம்பத்தில் இருக்கும் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். “பிள்ளைக எங்கத்தா, சத்தத்தையே காணோம்? ஒரு எட்டுப் போயிப் பாரு” என்றாள். என் கால் தன்னால் நடந்தது. நஸ்ரின் முதுகைக் காட்டி உட்கார்ந்து கட்டைகளை அடுக்கியபடி, தனக்குத்தானே ஜெர்மனில் பேசிக்கொண்டிருந்தாள். பாதி எனக்குப் புரியவில்லை. போனைக் காதில் வைத்தபடியே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். காலடியில் தரைப்பலகை லேசாக முனகியது.

ஜெர்மன் நின்றது. கட்டையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, திரும்பாமலே சொன்னாள்:

“ஒண்ணும் பண்ணலம்மா, சும்மாதான் இருக்கேன்.”

நான் இன்னும் கூப்பிடவே இல்லை.