டெப்போவில் இருப்பவருக்காக ஒரு மன்றாட்டு

எங்கள் கோயிலின் பங்குப் பேரவைத் தலைவர் கிள்ளானில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். திருவிழாப் பிரியாணி அவர் உபயம். ஏர்கோன் அவர் உபயம். பூசையை இணையத்தில் நேரலையாகக் காட்டும் காமிராவும் அவர் உபயம். எதைக் கொடுத்தாலும் அதன்மேல் தன் பெயர் போட்ட பித்தளைத் தகட்டை அடித்துவிடுவார். மாதா பீடத்தில் மட்டும்தான் இன்னும் தகடு இல்லை. அதற்கும் இடம் பார்த்து வைத்திருப்பார்.

ஒருநாள் மதியம் அவர் கடைக்குக் குடிநுழைவு அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். அடுப்படியில் நின்ற தூத்துக்குடிக்காரர் கையில் பாஸ்போர்ட்டின் போட்டோகாப்பி மட்டும் இருந்தது. அசல், முதலாளியின் மேசை டிராயரில். வேலை பெர்மிட் எப்போதோ முடிந்துவிட்டது. புதுப்பிக்க வேண்டிய முதலாளி புதுப்பிக்கவில்லை. லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த மனிதர் ஞாயிறு தவறாமல் எங்கள் கோயிலுக்கு வந்து, தூணோரம் உட்கார்ந்து, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் பாடிவிட்டுப் போகிறவர்.

பூசை முடிந்து எல்லோரும் காப்பி குடிக்கும்போது தலைவரைப் பிடித்தேன். அசல் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவரை ஊருக்காவது அனுப்பி வைப்பார்களே என்று கேட்டேன்.

“நான் போய் நின்னா என்னையும் சேத்து உள்ள வைப்பான் லா, ஆன்டி” என்றார். “அவன் டெப்போவுல நல்லாத்தான் இருக்கான். டைமுக்குத் தின்ன மாக்கான் கிடைக்குது, வேலை கிடையாது. கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்.”

சொல்லிவிட்டு இன்னொரு கறிபாப் எடுத்துக் கடித்தார்.

டெப்போ என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நான் பிறந்தது பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். எங்கள் அப்பா ரயில் டெப்போவில் வேலை பார்த்தவர். ஓடி முடித்த எஞ்சினைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், துடைப்பார்கள், எண்ணெய் போடுவார்கள், மறுநாள் கிளப்பி அனுப்புவார்கள். அந்தப் பெயரை எடுத்து, கம்பி வேலிக்குப் பின்னால் ஆட்களைக் குவித்து வைக்கும் இடத்துக்கு எந்த மகராசன் வைத்தானோ தெரியாது. எஞ்சினுக்கு நடந்த பணிவிடையில் பாதி அங்கே நடந்தால்கூட நான் வாயை மூடிக்கொள்வேன்.

மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு. ஒரு முறை ஐரோப்பாவில் நடந்த கொடுமைகளைப் பற்றிய ஆவணப்படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் வரிகள் எழுதினேன். ‘வதை முகாம்’ என்று போட்டேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. தூரத்து ஊர், செத்துப்போன வில்லன். எவ்வளவு கடுமையான சொல்லும் தாங்கும். அதுவும் இதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் உள்ளூர் விஷயம் என்று வந்ததும் நம் ஆட்களுக்கு நாக்கில் சர்க்கரை ஊறிவிடுகிறது. இங்கே ஆண்ட வெள்ளைக்காரன் முள்வேலி போட்டு ஜனங்களை அடைத்துவிட்டு அதற்குப் ‘புதுக் கிராமம்’ என்று பெயர் வைத்தான். ஜெஞ்சாரோம் பக்கம் இன்றைக்கும் அந்தப் பெயர்தான். அவனிடம் படித்த பாடத்தை மட்டும் நாம் மறக்கவேயில்லை.

அந்த வாரமே தூத்துக்குடியிலிருந்து அவர் மனைவி கூப்பிட்டாள். ஞாயிறு பூசையில் மன்றாட்டு வாசிக்கிறவள் நான் என்று புருஷன் சொல்லியிருந்தாராம். கோயில் அலுவலகத்தில் என் நம்பரைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். வாரா வாரம் போனில் எங்கள் பூசையைப் பார்ப்பாளாம். காமிரா மக்கள் பக்கம் திரும்பும்போது தூணோரம் அவர் தலை தெரிகிறதா என்று பார்ப்பதற்குத்தான். இப்போது தெரியவில்லை.

“அவரு கேம்ப்புல இருக்காருன்னு முதலாளி சொல்றாருக்கா. என்ன கேம்ப்பு அது? எதுக்கு போனே எடுக்க மாட்டேங்காரு?”

தடுப்பு முகாம் என்று சொன்னேன்.

“எங்க பக்கம் சிறப்பு முகாம்னு ஒண்ணு உண்டுக்கா. சிலோன்காரங்கள வச்சிருப்பாங்க. வெளிய வர முடியாது. அந்த மாதிரியா?”

“ஆமாம்மா.”

“அப்ப இத்தன நாளும் அவரு அதுக்குள்ளயா இருக்காரு?” என்று கேட்டு அழுதாள். பாஸ்போர்ட் போய்ச் சேரும்வரை அவர் அங்கேதான் கிடப்பார் என்பதையும் நானே சொல்ல வேண்டியதாயிற்று. சிறப்பு முகாம்! பெயர் வைப்பதில் கடலுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று வித்தியாசமே இல்லை.

ஞாயிறு மன்றாட்டை நான் எழுதி, பேரவையின் வாட்சாப் குழுவில் போட வேண்டும். அவர்கள் சரி என்றால்தான் வாசிக்கலாம். ‘தடுப்பு முகாமில் அடைபட்டிருக்கும் நம் சகோதரருக்காக’ என்று எழுதிப் போட்டேன். அடுத்த நிமிடமே தலைவரிடமிருந்து குரல் பதிவு வந்தது.

“ஆன்டி, ‘தடுப்பு’ ரொம்ப ஹார்ஷா இருக்கு லா. சண்டே பூசை, பிள்ளைங்கல்லாம் இருக்கும்.”

செயலாளர் ‘அடைபட்டிருக்கும்’ வேண்டாம் என்றார். பொருளாளர் ‘முகாம்’ என்றாலே அரசியல் வாடை அடிக்கிறது என்றார். ஆளாளுக்கு ஒரு சொல்லைப் பிடுங்கியதில் கடைசியில் மிஞ்சியது இது: ‘தற்காலிகமாக வேறிடத்தில் தங்கியிருக்கும் அனைவருக்காகவும்.’ கேமரன் மலைக்கு உல்லாசப் பயணம் போனவனுக்கும் இந்த மன்றாட்டு பொருந்தும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு முழு மனிதரை மறைத்ததை அன்றுதான் பார்த்தேன். கீழே எல்லோரும் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். நானும் ஒன்று போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசக மேடையில் ஏறினேன். திருச்சபைக்காக, நாட்டுத் தலைவர்களுக்காக, நோயாளிகளுக்காக என்று வரிசையாக வாசித்தேன். கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், மன்றாட்டை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. ‘உம்மை மன்றாடுகிறோம்’ என்று வாசகர் முடித்தால், ‘ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று வாய் தானாகச் சொல்லிவிடும். எங்கள் கோயிலில் அந்தப் பதிலை முன்வரிசையிலிருந்து உரக்க எடுத்துக்கொடுப்பது தலைவரின் வழக்கம். தகடு அடிக்க முடியாத இடத்தில் குரலை அடித்து வைப்பார்.

பேரவை கொடுத்த தாளைப் புத்தகத்துக்குள் வைத்து மூடினேன்.

“டெப்போ என்று நாம் சொல்லும் தடுப்பு முகாமில், கம்பி வேலிக்குப் பின்னால் அடைபட்டிருக்கும் நம் சகோதரருக்காக. அவருடைய பாஸ்போர்ட்டைத் தம் மேசை டிராயரில் பூட்டி வைத்திருக்கிறவர் மனமிரங்கி அதைக் கொடுத்துவிடவும், அவர் தம் மனைவி மக்களிடம் போய்ச் சேரவும் வேண்டுமென்று, இறைவா, உம்மை மன்றாடுகிறோம்.”

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!”

கைகூப்பி, கண்ணை மூடி, எல்லோருக்கும் முந்திக்கொண்டு அவர்தான் ஆரம்பித்தார். கோயிலே சேர்ந்து முழங்கியது. முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பார்வையை, சத்தியமாகச் சொல்கிறேன், நான் வெகுவாக ரசித்தேன்.

அன்று சாயங்காலமே என்னை வாசகர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கோயில் கண்ணியத்துக்குக் குந்தகம் விளைவித்தேனாம். அதை அறிவிப்பதற்கு மட்டும் எவ்வளவு கடுமையான சொற்கள் அவர்களுக்குக் கிடைத்தன தெரியுமா?

மறுநாள் தூத்துக்குடிக்காரியின் அழைப்பு வந்தது. கடை திறக்கும் நேரம் பார்த்து முதலாளிக்கே போன் போட்டாளாம்.

“என்ன சொன்ன?”

“‘முதலாளி, நேத்து பூசைல நீங்களே கைகூப்பி வேண்டிக்கிட்டீங்க, காமிரால பாத்தேன். ஆண்டவரு அந்த டிராயரத் தொறக்கணும்னா உங்க கையாலதான தொறக்கணும்’னு கேட்டேன்க்கா.”

“அதுக்கு என்ன சொன்னார்?”

“போன வச்சுட்டாருக்கா.”

அன்று மாலை பாஸ்போர்ட் எங்கள் கோயில் ஃபாதர் மேசைக்கு வந்து சேர்ந்தது.