அப்பாவின் வேட்டியில் அம்மா நடித்த நாடகம்

கீரிப்பாறை ரப்பர் தோட்டக் குடியிருப்பில், மரங்களில் பால்வெட்டும் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்த எங்கள் அம்மா நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. குழித்துறையில் பலசரக்குக் கடை வைத்திருந்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார்கள். விடியுமுன் சமையல், பகலெல்லாம் கடை, மாலையில் மறுபடியும் அடுக்களை. பொறுமைசாலி என்று எல்லோரும் புகழ்ந்தீர்கள். அதில் பாதி பயம் என்பது மகளான எனக்குத் தெரியும். கோபம் வந்தால் அப்பாவுக்குக் கைதான் முந்தும். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவோம்.

ஒருமுறை எங்கள் தேவாலயச் சபைப் பெண்கள் சங்க ஆண்டுவிழாவில் சிறு நாடகம் ஒன்று போட்டார்கள். அம்மா நல்ல உயரம் என்பதால் கணவன் வேடம் கொடுத்தார்கள். கேட்கப் பயந்து, அப்பாவின் வேட்டியைச் சொல்லாமலே எடுத்துக் கட்டிக்கொண்டார்கள். "சாப்பாடு தயாரா?" என்பதுதான் எழுதிக்கொடுத்த வசனம். மேடையேறியதும் அது மறந்துபோயிற்று. அம்மா வேட்டியை மடித்துக் கட்டி, தொண்டையைச் செருமி, வீட்டில் தினமும் கேட்பதையே சொல்லிவிட்டார்கள்.

"ஏட்டி, உனக்க செவி அடைச்சுப் போச்சா? சோறு எங்க?"

அச்சு அசல் அப்பா. சபையே சிரித்து, முன்வரிசையில் இருந்த அவரைத் திரும்பிப் பார்த்தது. வீட்டுக்குப் போனதும் அம்மாவை என்ன செய்வாரோ என்று பயந்தேன்.

வழியில் அப்பா எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தார். நாடகத்தில் மனைவியாக நடித்த பக்கத்து வீட்டுச் சித்தி, நிலைமை புரிந்து எங்களோடேயே வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டார்கள். அம்மா வேட்டியைக்கூட மாற்றாமல் சுவரோடு ஒட்டி நின்றார்கள். அப்பா என்னிடம் கேட்டார்.

"உனக்கும் என்னப் பாத்தா பேடியா மக்கா?"

பேடி என்றால் எங்கள் பக்கத்தில் பயம். வெளியூர் உறவினர்கள் வேறு பொருள் கொள்ள வேண்டாம். நான் அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதன்பின் அவர் அம்மாமேல் கை வைத்ததில்லை. குரல் உயர்ந்தாலும் பாதியில் நிறுத்திக்கொள்வார். அம்மா நோயில் படுத்தபோது கஞ்சி காய்ச்சியதும் ஊட்டியதும் அவரே. ஒருநாள் கிண்ணம் அம்மாவின் கைபட்டுக் கவிழ்ந்தது. துடைக்கத் துணியெடுக்க அப்பா கையை நீட்டினார். எழுந்திருக்கவே முடியாத அம்மா, சட்டென்று முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

மருத்துவமனையில் துணையிருந்த உறவினர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், அன்று எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்த சித்திக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நினைவு மலருக்காக அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கிண்ணம் கவிழ்ந்த இடத்தை நீக்கிவிடவா என்று கேட்டேன்.

"அத மட்டும் எடுத்துராத மக்கா" என்றார்.