ஈரலைத் தின்னாத நாய்

எனக்குச் சந்தேகப் பிராணி என்று பட்டம் கொடுத்தவர் என் கணவர். பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்று எல்லாரும்தான் சந்தேகப்படுவார்கள். நான் அவர் தண்ணீர் கலக்காத நாளில், இன்றைக்கு இவருக்கு நம்மிடம் என்ன காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று சந்தேகப்படுவேன். அதனால் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை, எங்கள் நாய் ஈரல் துண்டை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, அதற்கு வயிறு சரியில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. யாரோ குறுக்கே புகுந்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

எங்கள் நாய் என்று சொல்வதுகூட அவசரம்தான். அது விப்பெட் என்ற சீமை ஜாதி, ஓட்டத்துக்கென்றே பிறந்தது. ஒட்டிய வயிறு, வளைந்த முதுகு, நீண்ட கால்கள். வயிறு முட்டத் தின்றாலும் விலா எலும்பு தெரியும். போத்தனூரில் எங்கள் தெருவை ஒட்டிய ரயில்வே காலனியில் ஓர் ஆங்கிலோ இந்திய டீச்சர் அதை வளர்த்துவந்தார். மகளோடு போய் இருப்பதற்காக ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், நாயை எனக்குத் தரச் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை.

"இது கண்ணால பாத்து ஓடுற ஜாதிம்மா. ஒரு பிளாஸ்டிக் பை பறந்தாலும் பின்னாடியே போயிடும். நம்ம ஊர்ல எந்தப் பக்கம் ஓடினாலும் தண்டவாளம். கூப்பிட்டா திரும்பி வரணும். வராத நாய் இங்க ஒரு வருஷம் தாங்காது" என்றார்.

அவர் விமானம் ஏறுவதற்கு முன்பு கோயமுத்தூரில் நாய்க் கண்காட்சி நடக்க இருந்தது. அதில் கீழ்ப்படிதல் போட்டி உண்டு. அத்தனை கூட்டத்துக்கு நடுவில் என் குரலுக்கு அது ஓடி வந்தால் நாய் எனக்கு. வராவிட்டால், குன்னூரில் சுற்றிலும் வேலி போட்ட எஸ்டேட் வைத்திருக்கும் அவருடைய நண்பருக்கு. அதுவரை நாய் என் வீட்டில் இருக்கும். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் எனக்குச் சண்டை போடவும் வழியில்லை.

எனக்கு அந்த நாய் வேண்டும். மார்கழிக் குளிரில் அது நடுங்கிக்கொண்டே வந்து என் சேலைக்குள் மூக்கை நுழைத்துப் படுத்துக்கொள்ளும். உலகத்தில் நான் சந்தேகப்படாத ஒரே ஜீவன் அதுதான்.

தினமும் காலையில் ரயில்வே மைதானத்தில் பயிற்சி. ஈரலை வேகவைத்துச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி இடுப்பில் ஒரு பையில் கட்டிக்கொள்வேன். பக்கத்திலேயே நடந்து வந்தால் ஒரு துண்டு. செங்கல் மேல் வைத்த மூங்கிலைத் தாண்டினால் ஒரு துண்டு. கூப்பிட்டதும் வந்தால் இரண்டு. உட்காரச் சொன்னால்தான் பெரும்பாடு. உடம்பில் சதையே இல்லாத ஜாதி என்பதால் வெறுந்தரையில் உட்காராது. நான் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே போவேன், அது உட்காரும் இடத்தில் விரிப்பதற்கு. எங்கள் தெருவில் பாதிப் பேர் இந்த வேடிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகுதான் அந்த ஈரல் விவகாரம். மறுநாளும் தின்னவில்லை. கூப்பிட்டால், வந்து மட்டும் என்ன ஆகப்போகிறது என்பது போல நின்று பார்த்தது. இடுப்பு வேறு கொஞ்சம் சதை போட்டிருந்தது.

முதலில் ஈரல் கடைக்காரரைச் சந்தேகப்பட்டுக் கடையை மாற்றினேன். பிறகு கணவரைச் சந்தேகப்பட்டேன். அவர் சாப்பிட்டு எழுந்த இடத்தை மேசைக்கடியில் குனிந்து பார்த்தேன். ஒரு பருக்கைகூட இல்லை. அதற்கப்புறம் நாயின் வாயையே மோந்து பார்த்தேன். தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் மணத்தது. மீசையில், இடியாப்பம் மாதிரி பிழிகிற சந்தவையின் இழை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"நாய் மோப்பம் புடிச்சுப் பாத்திருக்கறேன். நாயை மோப்பம் புடிக்கற ஆள இப்பத்தான் பாக்கறேன்" என்றார் கணவர்.

எங்கள் வீட்டில் அந்த வாரம் சந்தவை பிழியவே இல்லை. என் சந்தேகம் நேராக எதிர் வீட்டு அக்காவிடம் போய் நின்றது. அதற்குக் காரணமும் இருந்தது. கொஞ்ச நாளைக்கு முன் சத்தியமங்கலத்திலிருந்து வந்த அக்காவின் தம்பி, எங்கள் கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, நாயின் கால்களை மேலும் கீழும் பார்த்தார். "மொசலு புடிக்குமுங்களா?" என்று கேட்டார். அக்காவும் தம்பியும் சேர்ந்து நாயை வசப்படுத்துகிறார்கள், ஒருநாள் அது முயல் வேட்டைக்கு வண்டியேறிவிடும் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாலும் கள்ளச் சிரிப்பாகவே தெரிந்தது.

ஒரு நாள் பட்டப்பகலில், டவுனுக்குப் போகிறேன் என்று அக்கா காதில் விழும்படி சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ் நிறுத்தம் வரை நடந்து, பின்சந்து வழியாகத் திரும்பி வந்து, எங்கள் வீட்டு முருங்கை மரத்தை ஒட்டி நின்றேன். நாய் சுற்றுச்சுவரை ஒரே தாவலில் தாண்டியது. நான் மூங்கில் வைத்துச் சொல்லிக்கொடுத்த தாண்டல்! எதிர் வீட்டு வாசற்படியில் அக்கா வட்டிலோடு தயாராக உட்கார்ந்திருந்தார்.

"தின்னு கண்ணு. அந்த அம்மணி வரதுக்குள்ள தின்னுபோடு. ஒரு துண்டு ஈரலுக்கு உன்னைய எத்தன தோப்புக்கரணம் போட வெக்கறா, பாரு. பாவம் புடிச்சவ."

எனக்குச் சுருக்கென்றது. மறைந்திருந்தது போதும் என்று வெளியே வந்தேன். அக்கா கொஞ்சமும் பதறவில்லை.

"ஏனுங்க அம்மணி, நான் மனசுல பட்டதச் சொல்லிப்போடறனுங்க. எலும்பு எண்ணிப்போடலாம், அப்படிக் கெடக்குது. அதுக்கு மேல, சோத்தக் காட்டிக் காட்டி எட்ட நிக்கறீங்க. எங்க ஊட்டுல மாட்டுக்குக்கூடத் தீவனத்தக் காட்டிப்போட்டு நிக்க வெக்க மாட்டமுங்க. வாயில்லாச் சீவனுங்க."

"அது அந்த ஜாதியோட வாகுங்க்கா. ஈரல் கொடுக்கறது பழக்கறதுக்குங்க. பசி இருந்தாத்தான் எங்கிட்ட வரும்."

"சீமைச் சாதியா இருந்தா வகுறு இருக்காதுங்களா?"

நாயை நான் பட்டினி போடுகிறேன் என்றுதான் தெரு முழுக்க எண்ணம் என்பது அக்கா பேசப் பேசத்தான் தெரிந்தது. இத்தனை நாளும் நான் அவர்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்க, அவர்கள் எல்லாரும் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். குன்னூர் விஷயத்தை அக்காவிடம் விளக்கிச் சொன்னேன். இனிமேல் சோறு வைக்கவில்லை என்றார். நான் நம்பவில்லை. நாயை வீட்டுக்குள் பூட்டிவைத்துப் பழக்கினேன். மெல்ல ஈரல் மேல் ஆசை திரும்பியது. கூப்பிட்டால் காற்றாய்ப் பறந்து வந்து என் முழங்காலில் முட்டி நின்றது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

கண்காட்சி ஒரு கல்லூரி மைதானத்தில். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குன்னூர்க்காரர், வெள்ளைத் தொப்பியும் சுத்தமான ஷூவுமாக. நாய் என்னை ஒட்டி அழகாக நடந்தது. தடையைத் தாண்டியது. கடைசியாக, அதை ஒரு முனையில் நிற்க வைத்துவிட்டு மறுமுனைக்கு நடந்தேன். திரும்பும்போதுதான் பார்த்தேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் எதிர் வீட்டு அக்கா, கையில் எவர்சில்வர் டப்பாவோடு. டவுன் பஸ் பிடித்து வந்திருக்கிறார். போட்டி மத்தியானம் வரை நடக்கும் என்று என் கணவர் உளறியிருக்கிறார். அதுவரை நாய் பட்டினி கிடக்குமே என்று அக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

நடுவர் கையசைத்தார். "கம்!" என்று கூப்பிட்டேன்.

நாய் கிளம்பியது. பாதி தூரம் நேராக என்னைப் பார்த்துத்தான் வந்தது. அதற்குப் பிறகு தலை திரும்பியது, உடம்பும் திரும்பியது. கயிற்றருகே போய், அக்காவின் முன்னால், சாக்குமில்லாமல் ஒன்றுமில்லாமல் வெறும் மண்ணில் கச்சிதமாக உட்கார்ந்தது. உட்கார் என்று அக்கா சொல்லவே இல்லை. கூட்டம் கைதட்டிச் சிரித்தது.

அக்கா டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "போ சாமி, எங்கிட்ட வராத. அங்க பாரு, உன்ற அம்மா கூப்படறா. போயிரு சாமி" என்று கெஞ்சினார். அழுதுவிட்டார். நாய் வாலை ஆட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது. நான் மறுபடியும் கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூப்பிடக் கூப்பிட என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. தோளில் கை வைத்து, "தண்டவாளம்மா" என்று மட்டும் சொன்னார்.

குன்னூர்க்காரர் கார்க் கதவைத் திறந்ததும் நாய் தானாகவே ஏறிப் பின்சீட்டில் சுருண்டுகொண்டது. அதையும் பார்த்தேன். அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். இப்போது டப்பா அவர் கையிலேயே இருந்தது. அவர் மேல் எனக்கு வந்திருக்க வேண்டிய கோபத்தைத் தேடிப் பார்த்தேன். என் கண்ணெல்லாம் அந்த ஆளின் மேல் இருந்தது. சீட்டில் முடி ஒட்டுமே என்று ஒரு துண்டை எடுத்து உதறிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மணி" என்றார் அக்கா, குரலைத் தணித்து. "அந்த ஆளப் பாத்தா சோறு போடற ஆளாட்டத் தெரியலீங்களே."

"எனக்கும் தெரியலீங்க்கா" என்றேன். கார் கிளம்பியது.