பேச்சி அத்தை கூப்பிட்ட முறை

1979, ஐப்பசி. மதுரையிலிருந்து வந்த மீட்டர்கேஜ் ரயில் எங்களைப் போடிநாயக்கனூரில் இறக்கிவிட்டபோது காலை பத்தரை மணி. நான் பினாங்கில் பிறந்த தமிழச்சி. என் கணவர் சுவான் பினாங்குச் சீனர். பதிவுத் திருமணம் முடிந்து மூன்று வாரம். அப்பா பிறந்த ஊரைப் பார்க்க ஆசைப்பட்டவள் நான்; அதற்காக ரயில் கரியைச் சுமந்தது அவருடைய வெள்ளைச் சட்டை.

சித்தப்பா ஜீப்போடு நின்றிருந்தார். "வா ஆத்தா" என்று என் தலையைத் தடவினார். சுவானிடம் "வாங்க" என்றார், அவ்வளவுதான். டிரைவரிடம் "பினாங்குக்காரர்" என்று அறிமுகம் வேறு. முறை சொல்லிக் கூப்பிடாதவரை எங்கள் ஆட்களுக்கு ஒருவர் விருந்தாளிதான், உறவு இல்லை. எனக்குச் சுருக்கென்றது.

போடிமெட்டு இருபத்தாறு கிலோமீட்டர். அடிவாரத்து ஊரான முந்தலைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. வளைவுக்கு ஒன்றாக சுவான் தன் ஊர்ச் சாமிகளைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். பாதி மலையில் சாமிகள் தீர்ந்துபோக, என் கையைப் பிடித்துக்கொண்டார். மெட்டுக்கு மேலே மூன்று கிலோமீட்டர் மண்பாதையில் போனால் சித்தப்பாவின் ஏலத்தோட்டமும் வீடும். சித்தி சுடச்சுடச் சோறு போட்டார். "அவருக்கு இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தவா?" என்று என்னிடம்தான் கேட்டார்.

மறுநாள் மதியம் சித்தப்பாவோடு தோட்டத்துக்குப் போனோம். ஏலச்செடி ஆளை மறைக்கும் உயரம். காயோ செடியின் அடியில், மண்ணை ஒட்டிக் கிடக்கிறது. குனியாதவருக்கு ஏலக்காய் கண்ணில் படாது. சுவான் கேமராவோடு குனிந்தார். அந்நேரம் பார்த்து மஞ்சு மூடுபனியாய் இறங்கியது. பக்கத்துச் செடிகூடத் தெரியவில்லை. நான் கூப்பிட்டேன், பதில் இல்லை.

அந்தப் பக்கம் கிடுகிடு பள்ளம் என்று சொல்லிக்கொண்டே சித்தப்பா ஓடினார். நான் நின்ற இடத்திலேயே அழுதேன். கட்டி மூன்று வாரத்தில் தொலைத்துவிட்டேனே, இவர் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்?

அரை மணி கழித்து சுவான் அந்தப் பள்ளத்துப் பக்கமிருந்தே நடந்து வந்தார். வீட்டுக்கு வந்து காப்பி குடித்த பிறகுதான் பேச்சு வந்தது. விளிம்பில் ஒரு பெண் இரண்டு கையையும் விரித்து மறித்தாளாம். பதினைந்து வயது இருக்கும். மடிப்புக் கலையாத பச்சைப் பாவாடை, மஞ்சள் கரை. முன்னால் நடந்து வழிகாட்டினாளாம். நன்றி சொல்லப் பார்த்தால் ஆளைக் காணோமாம்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல, சித்தியின் முகம் வெளுத்தது. அப்பாவுக்கு ஒரு தங்கை உண்டு, பேச்சி. பதினைந்து வயதில், கல்யாணம் ஆகாமலே, இதே மலையில் காய்ச்சலில் போனவர். அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வம் அவர்தான். வருடத்துக்கு ஒரு புதுப் பாவாடை பெட்டியில் வைத்துக் கும்பிடுவார்கள். சித்தி பெட்டியைத் திறந்தார். பச்சைப் பாவாடை, மஞ்சள் கரை. ஓரமெல்லாம் ஈரம். ஐப்பசியில் மலைமேல் எந்தத் துணிதான் காய்ந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் பாவாடையைத் தொடவில்லை.

"அவகிட்டச் சொல்லாமக் கட்டிக்கிட்டு வந்திருக்கீக. அவ தனக்குப் புருசனாக் கொண்டுபோகப் பாக்குறா. வெரசா கீழ எறங்குங்க" என்றார் சித்தி.

இதைச் சுவானுக்குச் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. கல்யாணமாகாமல் செத்த பெண்ணுக்கும் மாப்பிள்ளை தேடிக் கட்டிவைக்கும் வழக்கம் சீனர்களிடம் உண்டு. மலைவளைவுக்கு நடுங்கிய மனிதர் இப்போது ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துவிட்டார். அது நடுக்கத்தைவிடப் பயமாக இருந்தது. அவர் கையை நான் விடவில்லை. எந்த அத்தையானாலும் தரமாட்டேன்.

பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பெண் என்னைத் திரும்பத் திரும்ப ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டாள். மாப்ளே என்றால் என்ன?"

வந்ததிலிருந்து அந்த வார்த்தையை அவரிடம் யாருமே சொன்னதில்லை. சித்தப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தனக்குன்னா மச்சான்னுல்ல கூப்பிட்டிருப்பா?" என்றார் சித்தியிடம். "அண்ணன் மகளுக்கு வாச்சவருன்னுதான் மாப்ளேங்குறா. செத்தவளுக்குத் தெரிஞ்ச முறை எனக்குத் தெரியாமப் போச்சு."

மறுநாள் காலை வெற்றிலை பாக்கு வைத்துப் பேச்சி அத்தையைக் கும்பிட்டோம். சுவான் தன் வழக்கப்படி ஊதுபத்தியை இரண்டு கையாலும் பிடித்து மூன்று முறை குனிந்தார். சித்தி அந்தப் பச்சைப் பாவாடையை மடித்து என் மடியில் வைத்தார், பிறக்கப்போகும் பெண்ணுக்காம். சுவான் காது சிவந்தது.

போடி ரயிலடியில் சித்தப்பா அவர் கையில் ஏலக்காய்ப் பொட்டலத்தைத் திணித்து, "போய்ட்டு வாங்க மாப்ளே" என்றார். ரயில் தேனி தாண்டும்வரை சுவான் அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

பினாங்கு திரும்பி ஆறு மாதம் ஆகிறது. என் மாமியார் இன்னும் என்னை எந்த முறையும் சொல்லிக் கூப்பிடவில்லை. சொல்ல வேண்டியதை வேலைக்காரியிடம் சொல்லியனுப்புகிறார். அவர்கள் முன்னோர் மேடையில் பெயர் எழுதிய பலகைகள் வரிசையாக இருக்கின்றன. தினமும் ஊதுபத்தியோடு இரண்டு ஏலக்காயும் வைக்கிறேன். அந்த முன்னோர்களில் யாராவது ஒருவர் மனம் வைக்க வேண்டும்.