வருமானம் விசாரிக்க வந்தவரிடம் அடித்த பெருமை

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். குரங்கணி மலையில் மூட்டை சுமந்து, பிறகு குத்தகைக்கு ஏலத்தோட்டம், காய் உலர்த்தும் ஸ்டோர், இரண்டு ஜீப்பு என்று யார் தயவும் இல்லாமல் உண்டாக்கியவன். வறட்சியில் எல்லாம் போய், இப்போது மகள் ஏலக்காய் தரம் பிரிக்கும் கூலியில்தான் வீடு ஓடுகிறது.

பிளஸ் டூ முடித்த பேத்தி, கல்லூரி உதவித்தொகைக்காக வருமானச் சான்று கேட்டிருந்தாள். விசாரிக்க வந்த கிராம அலுவலரிடம் பழக்கதோஷத்தில், "அந்தா தெரியுற சரிவு பூராம் நம்ம தோட்டந்தான் சார்" என்றேன். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"என்ன தாத்தா இப்பிடிப் பண்ணிட்டீக? நாளைக்குக் கடைசி நாளு. பணக்காரின்னு என் பேரை அடிச்சிருவாக" என்று பேத்தி அழுதாள்.  மலையில் யானை துரத்தியபோதுகூட அப்படிப் பயந்ததில்லை.

காலையில் அலுவலகம் திறக்குமுன்பே, குத்தகை முடிந்த பத்திரத்தோடும் ஜீப்பு விற்ற ரசீதோடும் போய் நின்றேன். "நான் சொன்னது பூராம் பழைய கதை சார். இப்ப ஒண்ணுமில்ல" என்று நாலு பேர் முன்னால் சொன்னேன்.

"இதை நேத்தே சொல்றதுக்கென்ன பெரியவரே?" என்று சிரித்து, அவர் திருத்தி எழுதினார். சாயங்காலம் விண்ணப்பம் மூடுவதற்குள் சான்று வந்துவிட்டது.

இப்போதெல்லாம் அதிகாரி வந்தால் காகிதத்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் உதவித்தொகை கிடைத்ததும் பேத்தி, விண்ணப்பம் போட்டுக்கொடுத்த பள்ளிக்கூட டீச்சருக்கு மட்டும்தான் நன்றி சொன்னாள். ஊர் முன்னால் நின்று 'ஒண்ணுமில்ல' என்று சொன்னவன் நான். இந்தக் கதையை எழுதுகிற நீங்களாவது அதை என் பேரோடு போடுங்கள்.