குடைச்சலும் பயிற்சி வண்டியும்

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவனுக்கும் இருக்கத்தான் செய்தது. பட்டறையில் யாருக்கும் அது ஞாபகமில்லை. எல்லோருக்கும் அவன் குடைச்சல். கையில் எடுத்த எதையும் குடைந்து பார்க்காமல் கீழே வைக்க மாட்டான். ஒழுங்காகச் சுற்றும் மின்விசிறியைக் கண்டாலும் இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுற்றலாமே என்று கை அரிக்கும். ஒருமுறை அவனுடைய கைவரிசையில் வீட்டு மிக்ஸி மூடியைத் தூக்கிக் கூரையில் அடித்தது. கூரையைத் துடைத்த கையோடு மனைவி சட்டம் போட்டாள்: வீட்டில் எதை வேண்டுமானாலும் கழற்றிக்கொள்ளலாம், அவளுடைய காரைத் தவிர.

அந்தக் கார்தான் அவளுக்குப் பிழைப்பு. கார்புரேட்டர் காலத்துப் பழைய வண்டி, கூரைமேல் பயிற்சிப் பலகை, அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக். பயந்தவர்கள், பதறுபவர்கள், இடது வலது தெரியாதவர்கள் எல்லோரையும் அதில் உட்காரவைத்து, குரலை உயர்த்தாமல் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிடுவாள்.

குடைச்சலிடமும் அதே ரகத்தில் ஒரு கார் இருந்தது. இருந்தது என்று சொல்லலாம், ஓடியது என்று சொல்ல முடியாது. மலைப்பாதைப் பந்தயத்தில் விடப்போவதாகச் சொல்லி, பாதி பிரித்த நிலையில் கொட்டகையில் நிறுத்தியிருந்தான்.

மனைவி தன் அக்காவைப் பார்க்க வெளியூர் போன சமயம் பயிற்சி வண்டி வாசலில் சும்மா நின்றது. சும்மா நிற்கும் வண்டியைப் பார்த்துக்கொண்டு அவன் எப்படிச் சும்மா இருப்பான்? முதல் நாள் துடைத்தான். மறுநாள் பானெட்டைத் திறந்து பார்த்தான். அதற்கடுத்த நாள் இன்டேக் மேனிஃபோல்ட் அவன் மடியில் கிடந்தது. பெட்ரோல் கலந்த காற்றை இன்ஜினுக்குள் கொண்டுபோகும் அலுமினியக் குழாய்களின் கொத்து அது. உள்ளே சொரசொரப்பு, வளைவில் குறுகல். அவனுக்கு மூச்சு முட்டியது. கிரைண்டரை வைத்துக் குழாய்களை உள்ளுக்குள் அகலப்படுத்தி, முகம் பார்க்கும் அளவுக்கு மெருகேற்றி மாட்டினான்.

நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோய் அழுத்தினான். கிழட்டு வண்டி பிய்த்துக்கொண்டு போனது. ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அவளே ஓட்டிப் பார்த்துக் கேட்கட்டும் என்று வாயைத் திறக்கவில்லை.

அவள் வந்தாள், கேட்கவில்லை. ஆனால் கற்க வந்தவர்களின் கையில் வண்டி நின்று நின்று போனது. அவளுக்கோ கை பழகிய வண்டி. அவளறியாமலே கூடுதலாக அழுத்தி ஓட்டிவிடுவாள். புதியவர்களுக்கு அது வருமா? அகலமான வழியில் காற்று மெதுவாகத்தான் போகும். மெதுவான காற்று பெட்ரோலைச் சரியாகச் சேர்த்து இழுக்காது. பறக்கும்போது தெரியாது, கிளம்பும்போதுதான் தெரியும். பயிற்சி வண்டிக்குப் பறக்கிற வேலையா இருக்கிறது? நாள் முழுக்கக் கிளம்புவதுதான் அதன் வேலை.

குடைச்சலுக்கு இது புரிந்தது. புரிந்த நாளிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. அவள் பார்க்காதபோது இன்ஜின் சும்மா ஓடும் வேகத்தை ஏற்றிப் பார்த்தான், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மாற்றிப் பார்த்தான். செதுக்கி எடுத்த உலோகத்தை ஒட்டவைக்கவா முடியும்? சொல்லிவிடலாம் என்று சாப்பாட்டுத் தட்டின் முன் உட்காருவான். சோற்றோடு சேர்த்து அதையும் விழுங்கிவிட்டு எழுந்துபோவான்.

கற்க வந்தவர்களில் ஒரு நர்ஸ் இருந்தாள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை அவளுக்குக் கிடைக்க இருந்தது. லைசென்ஸ் இருந்தால்தான் கிடைக்கும். ஏற்கெனவே ஒருமுறை ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கத் தெரியாமல் தேர்வில் தோற்றிருந்தாள். மறுபடியும் தேர்வு நெருங்கியிருந்தது.

“பின்னாடி உக்காந்து சத்தத்தக் கேளுங்க. வண்டியில எதாவது கோளாறா இருக்குமோ?” என்று மனைவி அவனையும் ஏற்றிக்கொண்டாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் ஏற்றத்தில் நர்ஸ் வண்டியை நிறுத்தி எடுத்தாள். உதறி நின்றது. மறுபடி எடுத்தாள், மறுபடி நின்றது. பின்னால் லாரிக்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்தான். மூன்றாம் முறையும் நின்றபோது, குரலே உயர்த்தாத மனைவி கத்திவிட்டாள்.

“எத்தன தடவ சொல்றது? அது காலா, கட்டையா?”

நர்ஸ் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். சாவியை எடுத்து மனைவியின் கையில் வைத்தாள். “விட்டுருங்கக்கா. எனக்கு இது வராது. அந்த வேலைக்கு வேற ஆளப் போட்டுக்கட்டும்.”

குடைச்சல் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தான். “அந்தப் பொண்ணு மேல தப்பில்ல” என்றான். “வண்டிதான். நான்தான். நீ ஊருக்குப் போனப்ப மேனிஃபோல்டக் குடைஞ்சிட்டேன்.”

மனைவி கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள்.

“உங்க வண்டி கொட்டகையில சும்மாதான நிக்குது? அதக் குடைய வேண்டியதுதான?”

“அது ஓடாதே. ஓடுற வண்டியிலதான வித்தியாசம் தெரியும்?”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவன் பக்கம் திரும்பாமல் நர்ஸின் கையைப் பிடித்தாள். “உன்னப் போயி திட்டிட்டேனே. மன்னிச்சிரும்மா.” அதைக் கேட்டபோதுதான் அவன் கூனிக்குறுகிப் போனான். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் பின்சீட்டில் இருந்தான்.

அன்று மாலையே கொட்டகைக் காரின் மேனிஃபோல்டைக் கழற்றினான். இத்தனை நாளாக ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த வண்டியின் நடுவில் ஓட்டை விழுந்தது; வலித்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. சொரசொரப்பும் குறுகலுமாக அதை அப்படியே, அரம்கூடப் போடாமல் பயிற்சி வண்டிக்கு மாட்டினான்.

மனைவி அவனோடு பேசவில்லை. “வண்டி ரெடியான்னு கேளும்மா” என்று அவன் முன்னாலேயே, மறுபடி பழக வந்த நர்ஸைத்தான் கேட்கச் சொன்னாள்.

தேர்வன்று அவர்களோடு அவனும் போனான். பெஞ்சில் உட்கார்ந்தான், எழுந்தான், வேலியோரம் நடந்தான். ஏற்றத்தின் பக்கமிருந்து இன்ஜின் சத்தம் வந்தது. தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பிறகு எந்தப் பகட்டும் இல்லாமல், முனகிக்கொண்டே வண்டி ஏறிப்போயிற்று.

திரும்பும்போது, பாஸாகிவிட்ட நர்ஸ்தான் ஓட்டினாள். அதிகாரியின் மீசையைப் பற்றிப் பேசினாள், குறுக்கே வந்த நாயைப் பற்றிப் பேசினாள். இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வண்டி எப்படி இழுக்கிறது என்று யாராவது சொல்வார்கள் என்று பின்சீட்டில் காத்திருந்தவனுக்கு, யாருக்கும் அது தோன்றவே இல்லை என்பது மெல்லப் புரிந்தது.

அவன் பக்கத்துக் கதவில் கண்ணாடியை ஏற்றும் கைப்பிடி கடகடவென்று ஆடியது. ஒரு திருகு தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். கடகட. கண்ணை மூடினான். கடகட. கடைசியில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி உட்கார்ந்தான்.

முன்னாலிருந்து மனைவி திரும்பிப் பார்த்தாள். அந்தக் கைகளைப் பார்த்தாள். கொட்டகை வேலைக்குப் பிறகு முதல்முறையாக அவனிடம் நேராகவே பேசினாள்.

“சரி, சரி. அந்தக் கைப்பிடிய மட்டும் பாருங்க. வேற எதையாவது தொட்டீங்க, நடுரோட்டுல எறக்கி விட்டுருவேன்.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் வெளியே வந்துவிட்டது.